புகை வந்த வழி



வேங்கிக்கால் பக்கம் நின்று பார்த்தால் அண்ணாமலை நேரே தெரியும். பங்குனி, சித்திரையில் மலைமேல் காய்ந்த புல் பற்றிக்கொண்டால், பகலில் தீயைவிடப் புகைதான் முதலில் கண்ணில் படும். புகை சாய்கிற பக்கத்தை வைத்தே காற்று எந்தத் திசை என்று சொல்லிவிடலாம். ஆனால் நம்ம கண்ணுக்கு எட்டுவது கொஞ்ச தூரம்தான். அதற்கு அப்பால் போன புகை எங்கே போச்சு? நம் தலைக்கு மேலே மங்கலாக நிற்கிற புகை எந்த ஊரிலிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொள்ள மனிதன் வானத்துக்கு ஒரு கண்ணை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கதையில் விவசாயிக்கும் பங்கு உண்டு. அதனால்தான் சொல்ல வந்தேன்.

1978-ல் அமெரிக்கர்கள் நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அதில் இருந்த ஒரு கருவி ஓசோன் வாயுவை அளப்பதற்காக வைத்தது. புகை பார்ப்பது அதன் வேலையே இல்லை. பிற்பாடு அதன் கணக்குகளைப் புரட்டிப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. வெண்மேகம் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும்; புகையோ அதில் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும். அதை வைத்து, மேலே இருந்தபடியே மேகம் எது, புகை எது என்று பிரித்துவிட்டார்கள்.

தீயைப் பார்ப்பதற்கு வேறு வழி. கொல்லன் உலையில் கிடக்கிற இரும்பு சிவக்காவிட்டாலும், கிட்டே கை கொண்டுபோனால் சூடு தெரிகிறது இல்லையா? அந்த மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வானத்திலிருந்தே உணர்கிற கருவிகள் வந்தன. 1999-ல் டெர்ரா, 2002-ல் அக்வா என்ற செயற்கைக்கோள்கள் ஒரு கிலோமீட்டர் கட்டம் கட்டமாகத் தீயைக் குறித்தன. 2011-ல் போன சுவோமி அதையே 375 மீட்டர் கட்டமாகச் சுருக்கியது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 1997-ல் நடந்ததைக் கேளுங்கள். இந்தோனேசியாவில் மழை பொய்த்த வருஷம் அது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிமண் நிலமும் மாசக்கணக்கில் எரிந்தன. நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலேசியாவும் சிங்கப்பூரும் புகையில் மூழ்கின. செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசரநிலையே அறிவித்தார்கள். அதுவரை பழி எல்லாம் காட்டைக் கொத்திப் பயிர் வைக்கிற சின்ன விவசாயி தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தையும் நில வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, பெரிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் மரக் கம்பெனி நிலங்களிலும் ஏராளமான தீப்புள்ளிகள் தெரிந்தன. இந்தோனேசிய அரசாங்கமே 176 கம்பெனிகளின் பெயரைச் சந்தேகப் பட்டியலில் வெளியிட்டது. ஏழையின் பக்கம் சாட்சி சொல்ல வானத்திலிருந்து ஒரு கண் வந்தது என்றே சொல்லலாம்.

நம்ம பக்கத்துக் கதையும் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், அமெரிக்கா போய்ப் பெரிய விஞ்ஞானியானவர். அவரும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தார்கள். அதற்கென்றே மீட்டியோசாட்-5 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளை முன்கூட்டியே இந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்தினார்கள். தை, மாசியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் இல்லையா? அதோடு கிளம்பிய புகையும் தூசும் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கடல்மேல் படர்ந்திருந்ததைக் கண்டார்கள். அடுப்பு, வண்டி, ஆலை, எரித்த வயல் எல்லாம் கலந்த புகை அது. அந்தப் படலம் கீழே விழுகிற வெயிலையும் குறைத்தது.

வெயில் குறைந்தால் பயிருக்கு என்ன ஆகும்? உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் புகைப்படலமும் பூமி சூடாவதும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன என்று ராமநாதனும் வேறு இருவரும் 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வயலில் வைத்த தீயின் புகை சுற்றி வந்து வயலிலேயே கை வைக்கிறது!

பஞ்சாப் விவகாரம் இன்னும் சிக்கல். நிலத்தடி நீரைக் காப்பாற்ற, ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்று அங்கே 2009-ல் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே நாள் போதவில்லை. இயந்திரம் அறுத்துப்போட்ட தாளை அள்ள ஆளும் இல்லை, வைத்தார்கள் தீயை. அக்டோபர் கடைசி, நவம்பரில் காற்று ஓய்ந்து குளிர் இறங்கும். புகை மேலே ஏறாது. டெல்லி வரைக்கும் நீண்டு கிடக்கிற அந்தப் புகையைச் செயற்கைக்கோள் படத்தில் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.

தீயை எண்ணுகிற செயற்கைக்கோள் மத்தியானம் ஒன்றரை மணியை ஒட்டிக் கடந்து போகிறது என்று தெரிந்ததும், சிலர் அது போன பிறகு சாயங்காலத்தில் எரிக்க ஆரம்பித்தார்கள் என்று 2024-ல் செய்தி வந்தது. தீக்கணக்கு குறைந்தது, புகை குறையவில்லை. எப்போதும் ஒரே இடத்தின் மேல் நின்று பார்க்கிற கொரியச் செயற்கைக்கோளின் படத்தில் அந்தச் சாயங்காலத் தீயும் தெரிந்துவிட்டது. கணக்கை ஏய்க்கலாம், மூச்சை ஏய்க்க முடியுமா?

சரி, நமக்கு வருவோம். டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோளில் தெரிகிற காட்டுத்தீயை வனத்துறைக்குத் தெரிவித்து வருகிறது. பொதுமக்களும் பெயரைப் பதிந்தால் கைபேசிக்கே செய்தி வரும். ஆனாலும் மேகம் மறைத்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. சின்னத் தீயும் தப்பிவிடும். ஆகவே மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்க்கிறவரின் கண்தான் இன்னமும் முதல் கண். புகை தெரிந்தால் வனத்துறைக்கோ, 101-க்கோ உடனே சொல்லுங்கள்.

வைக்கோலை நாம் மாட்டுக்கு வைக்கிறோம். நல்ல பழக்கம், விடாதீர்கள். கரும்புச் சோகையைத்தான் வெட்டு முடிந்ததும் கொளுத்துகிறோம். அதைப் பார் இடைவெளியில் பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், களையை அமுக்கும், மக்கி எருவாகும். கொளுத்தினால் புகை. அந்தப் புகை எந்த ஊர்ப் பயிரின் வெயிலை மறைக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இருந்த காலம் போய்விட்டது. இப்போது பார்க்க முடிகிறது. பார்த்த பிறகும் கொளுத்தலாமா என்பதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.