பாடி ஹீட் (திரைப்படம்)

பாடி ஹீட், லாரன்ஸ் காஸ்டன் எழுதி இயக்கி 1981 ஆகஸ்டில் வெளிவந்த அமெரிக்கக் குற்றப் படம். நியோ-நுவார் (நவீன கால இருண்ட குற்றப் படம்) வகையின் முதன்மையான படங்களுள் ஒன்று. காஸ்டன் இயக்கிய முதல் படமும் கேத்லீன் டர்னர் நடித்த முதல் படமும் இதுவே. ஒளிப்பதிவு ரிச்சர்ட் எச். கிளைன், இசை ஜான் பாரி.

கதை

ஃபுளோரிடாவின் சிறு நகரொன்றில் கடும் வெயில் காலம். அரைகுறைத் திறமை கொண்ட வழக்கறிஞர் நெட் ரசீன் (வில்லியம் ஹர்ட்), மேட்டி வாக்கர் (டர்னர்) மீது மோகம் கொள்கிறான். இருவரும் அவளுடைய பணக்காரக் கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கொலைக்குப் பிறகு, நெட் எழுதியதாகச் சொல்லப்படும் புதிய உயில் ஒன்று வெளிப்படுகிறது. சட்டப் பிழையால் அது செல்லாமல் போக, சொத்து முழுவதும் மேட்டிக்கே சேர்கிறது. மேட்டி தன்னைத் தேர்ந்தெடுத்ததே தன் திறமைக்குறைவுக்காகத்தான் என்பது நெட்டுக்குப் பிந்தித்தான் புரிகிறது.

பின்னணி

பில்லி வைல்டரின் டபுள் இண்டெம்னிட்டி (1944) படத்தின் தாக்கம் இதில் வெளிப்படையானது. அக்காலத் தணிக்கை விதிகளால் வைல்டர் பூடகமாகச் சொன்ன காமத்தை, அவ்விதிகள் 1968-இல் நீங்கிய பிறகு வந்த காஸ்டன் நேரடியாகவே காட்டினார். கதை கடும் வெயிலில் நடந்தாலும், படப்பிடிப்பின்போது ஃபுளோரிடாவில் குளிர் நிலவியது. திரையில் தெரியும் வியர்வை, நடிகர்கள் மீது தெளிக்கப்பட்ட நீர்.

நிறைகள்

வெயில் இங்கு பின்னணி மட்டுமல்ல. பாத்திரங்களின் மதியை மழுங்கடிக்கும் விசை. பாரியின் சாக்சபோன் இசை அந்தப் புழுக்கத்தைக் காதுக்குக் கொண்டுவருகிறது. தாழ்ந்த, கரகரத்த குரலில் பேசும் டர்னர், மேட்டியின் ஆசை எது, நடிப்பு எது என்று கடைசிவரை பிரித்தறிய விடுவதில்லை. நெட்டின் அசட்டுத் தன்னம்பிக்கையை ஹர்ட் கச்சிதமாகக் காட்டுகிறார். தீவைப்பில் தேர்ந்தவனாகச் சில காட்சிகளே வரும் மிக்கி ரூர்க்கும் மனத்தில் நிற்கிறார்.

குறைகள்

தொடக்கக் காட்சிகளின் சாமர்த்தியமான உரையாடல், 1940-களின் வசனங்களைப் போலி செய்வதாக ஒலிக்கிறது. மேட்டியின் மனத்துக்குள் படம் நுழைவதே இல்லை. திருப்பத்துக்கு இந்த மறைப்பு தேவைதான், ஆனால் அவள் முழு மனுஷியாக உருப்பெறாததற்கும் அதுவே காரணம். சட்ட நுணுக்கமும் பலவீனமானது: கதையின் உயிலில் உள்ளது போன்ற பிழை பொதுவாக உயிலின் குறிப்பிட்ட பகுதியை மட்டுமே செல்லாததாக்கும், முழு உயிலையும் அல்ல.

தாக்கம்

இதன் சாயலில் ஜிஸ்ம் (2003) என்ற இந்திப் படம் வந்தது. பின்னாளில் பெருகிய காமக் குற்றப் படங்கள் பலவும் உடலைக் காட்டுவதோடு நின்றுவிட்டன. பாடி ஹீட்டில் ஒவ்வொரு படுக்கையறைக் காட்சியும் கொலைச் சதியை ஓர் அடி முன்னே நகர்த்துகிறது. அதன் குறைகளையும் மீறி அது நிலைத்திருப்பது இதனால்தான்.