மேலே நின்றால் எல்லாம் தெரியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் என் பையனுக்கும் பெரிய சண்டை. அட்டையில் விளையாடும் போர் விளையாட்டுகள் இருக்கின்றன, தெரியுமா? வரைபடம் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், காடு, மேடு, வீடு என்று நிலம். 1977-ல் வந்த ஸ்குவாட் லீடர் இந்த வகையில் பிரபலம். ஒரு படை இன்னொன்றைச் சுட வேண்டுமானால் முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் கட்டத்தின் நடுவுக்கு ஒரு நூலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே காடோ சுவரோ வந்தால் தெரியாது. அவ்வளவுதான் விதி. தகராறு எல்லாம் மேடு வரும்போதுதான்.

என் பீரங்கி குன்றின் மேல். அவன் ஆட்கள் அடிவாரத்தில் ஒரு தோப்புக்குப் பின்னால். "மேலே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்டா" என்றேன். "இல்லப்பா, மரத்துக்கு நேர் பின்னாடி இருக்கற கட்டம் தெரியாதுன்னு விதியில இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றான். புத்தகத்தைப் புரட்டவில்லை. மறுவாரம் அவனைக் கோல்கொண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து ஹைதராபாத் வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் கைடு நான்தான். அந்தக் கோட்டை எனக்குத் தெரியாததா!

மூச்சு வாங்க பாலா ஹிஸ்ஸார் உச்சிக்கு ஏறினோம். சுமார் 120 மீட்டர் உயரம். தூரத்தில் குதுப் ஷாஹி சமாதிகள் பளிச்சென்று தெரிந்தன. "பார்த்தியா?" என்றேன். அவன் குனிந்து கீழே காட்டினான். நாங்கள் ஏறி வந்த படிகளில் பாதியைக் காணோம். பாறைகள் மறைத்திருந்தன. தூரத்தில் இருப்பது தெரிகிறது, காலடியில் இருப்பது தெரியவில்லை. பையன் சொன்னதுதான் சரி.

கோட்டை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மதில் மேல் நிற்பவனுக்கு மதிலின் அடி தெரியாது. அதனால்தான் நெடுக வெளியே துருத்திக்கொண்டு கொத்தளங்கள், மொத்தம் 87. ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்ததன் அடிவாரத்தைப் பார்த்துக்கொள்வான். 1656-ல் அவுரங்கசீப் முதல் முறை முற்றுகையிட்டுப் போன பிறகு, அப்துல்லா குதுப் ஷா பக்கத்து மேட்டையும் வளைத்து மதில் எழுப்பினார். அதுதான் நயா கிலா. எதிரி அந்த மேட்டில் பீரங்கியை ஏற்றிவிட்டால் கோட்டைக்குள் நேராகப் பார்ப்பான், நேராகச் சுடுவான். நாம் அவனைப் பார்த்தால் அவனும் நம்மைப் பார்ப்பான். விளையாட்டிலும் இதுவே விதி.

1687 ஜனவரி கடைசியில் அவுரங்கசீப் திரும்பி வந்தார். இந்தத் தடவை சுமார் எட்டு மாதம். பார்வைக்கு எட்டும் தூரத்தில் வந்த கிலிச் கான் பீரங்கிக் குண்டுபட்டு இறந்தார். அவருடைய பேரன்தான் பின்னாளில் முதல் நிஜாம். மொகலாயர்கள் ஓர் இரவில் இருட்டை நம்பி ஏணி சாத்தினார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஒரு தெருநாய் குரைத்துக் காவலர்களை எழுப்பிவிட்டது என்று அக்கால வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து மருந்தை எடுத்துவிட்டு, தண்ணீரும் ஊற்றினார்கள். மிச்சம் வெடித்தபோது செத்தது மொகலாயர்கள்தான்.

கடைசியில் செப்டம்பரில் கோட்டை விழுந்தது. எப்படி? அப்துல்லா கான் பானி என்ற தளபதி காசு வாங்கிக்கொண்டு இரவில் உள்ளிருந்து வாசலைத் திறந்துவிட்டான். அப்துல் ரசாக் லாரி மட்டும் தனியாகப் போராடி, உடம்பில் எழுபது காயங்களோடு விழுந்தார் என்கிறார்கள். சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவை தௌலதாபாத்தில் சிறை வைத்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் அதுவரை வருடத்துக்கு 1200 பகோடா கட்டியது கோல்கொண்டாவுக்குத்தான். கோல்கொண்டாவை முடித்த மொகலாயப் படை 1690-ல் செஞ்சிக்கு வந்தது. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் மூன்று குன்றுகள். 1698 வரை தாக்குப்பிடித்தது.

இறங்கும்போது ஃபதே தர்வாசாவில் வழக்கம்போல் யாரோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தட்டினால் உச்சியில் கேட்கும். கண்ணுக்கு எட்டாததைக் காது பிடிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு போலிருக்கிறது.

"அப்பா, உள்ள இருக்கறவனே கதவைத் திறந்தா அதுக்கு என்ன விதி?" என்று கேட்டான் பையன்.

அதற்கு விதி இல்லை. எந்த நூலைப் பிடித்துப் பார்த்தாலும் பக்கத்தில் நிற்கிறவன் மனசு தெரியாது. அதைச் சொல்லவில்லை. "நீ சொன்னதுதான்டா சரி, அந்த ஆட்டத்தை நீயே ஜெயிச்சதா வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். மெஹதிப்பட்டணம் வரும்வரை பஸ்ஸில் அவன் முகத்தில் சிரிப்பு போகவே இல்லை :-)