மடியில் வைக்க முடியாத மடிக்கணினி

லேப்டாப்புக்குத் தமிழில் 'மடிக்கணினி' என்று பேர் வைத்த புண்ணியவான் கையில் அன்னைக்கு ஒரு பதினேழு இன்ச் இன்ஸ்பிரானைக் கொடுத்திருந்தால் அந்தப் பேர் வந்தே இருக்காது. மூன்றரை கிலோ பெட்டியை மடியில் வைத்து அரை மணி நேரம் படம் பாருங்க, கால் மரத்துப் போகும். லுங்கி சூடாகி எழுந்திரிக்க வேண்டி வரும் :-)

இந்தப் பதிவு அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான். பெரிய திரை, உள்ளே என்னென்ன வேணும்னு நாமே சொல்லி வாங்கலாம், வீட்டில் ஒரே இடத்தில் கிடக்கும், வீட்டில் இருக்கிற எல்லாரும் உட்காரலாம். அப்படி ஒரு ஜாதி லேப்டாப் எப்படி வந்தது, ஏன் மெலிஞ்சு போச்சு?

எங்க வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும்னு பேச்சு வந்ததில் கிளம்பின கேள்வி இது. அம்மாவுக்கு எழுத்து பெரிசாத் தெரியணும். அப்பாவுக்கு பேங்க் வேலை, பென்ஷன் வேலை, கூடவே பழைய படம். தங்கச்சிக்கு காலேஜ் ப்ராஜெக்ட். கடையில் போய் "திரை இது, மெமரி இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு" என்று சொன்னால், "சார், இந்த மாடல்ல இதுதான் வரும்" என்கிற ஒரே பதில். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பதில் வந்திருக்காது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1981ல் வந்த ஆஸ்பார்ன் 1 எடை சுமார் 11 கிலோ, திரை வெறும் 5 இன்ச். தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்குற மாதிரி தூக்கணும். 1983ல் காம்பாக் போர்ட்டபிளில் திரை 9 இன்ச் ஆச்சு, எடையும் கூடிச்சு. உள்ளே இருந்தது அந்தக் காலத்து டிவியில் இருந்த அதே கண்ணாடிக் குழாய், அதனால் திரை வளர்ந்தால் எடையும் வளரும். 1982ல் வந்த கிரிட் காம்பஸ்தான் இன்னைக்கு நாம பார்க்கிற மாதிரி மூடித் திறக்கிற வடிவத்தைக் கொண்டு வந்தது. விலை 8,150 டாலர், நாசாவும் விண்வெளி ஓடத்தில் எடுத்துப் போனது. வீட்டுக்காரர்களுக்கு இதில் எதுவும் இல்லை. அதனால் வேகமாத் தாண்டிடலாம்.

வீட்டுக் கதை தொடங்குவது டெல்லில். 1984ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த மைக்கேல் டெல் ஆயிரம் டாலர் முதலில் ஆரம்பித்த கடை. சூத்திரம் ரொம்ப எளிது. நம்ம ஊரில் ரெடிமேட் கடையும் உண்டு, டெய்லரும் உண்டு இல்லையா? ரெடிமேட் கடைக்காரர் முன்னாடியே நூறு சட்டை தைத்து அடுக்கி வைக்கணும். போகாதது ஆடித் தள்ளுபடிக்குப் போகும். டெய்லருக்கு அந்தக் கவலை இல்லை. அளவெடுத்து, அட்வான்ஸ் வாங்கி, அப்புறம்தான் துணியையே வெட்டுவார். டெல் டெய்லர். 1996ல் வலைத்தளத்தில் விற்க ஆரம்பித்ததும் அந்த அளவெடுக்கிற வேலையையும் வாங்குறவர் தலையிலேயே கட்டியாச்சு.

இதை டெல்லோட பெருந்தன்மைன்னு நினைச்சா ஏமாந்து போவோம். கம்ப்யூட்டர் பாகங்கள் விலை வாரா வாரம் இறங்குற சாமான். ஒரு மாசச் சரக்கை கோடவுனில் வைத்திருப்பவனுக்கு அந்த மாசம் இறங்கின விலை முழுக்க நஷ்டம். டெல் 2000களில் நாலைந்து நாள் சரக்கை வைத்துக்கொண்டே தொழில் நடத்தியது. நம்ம காசு முதலில் வந்துவிடும், பாகம் கொடுத்தவனுக்குப் பிறகு கொடுத்தால் போதும். அந்தக் கணக்கில் நமக்குக் கிடைத்த உபரிதான் 'உங்க விருப்பம் போல தேர்வு செய்யுங்கள்' என்கிற பக்கம். இதை மனசில் வைத்துக்கொண்டால் பின்னாடி வருவது புரியும்.

திரை பெரிசான கதை வேறு இடத்தில் நடந்தது. 2003 ஜனவரியில் ஆப்பிள் 17 இன்ச் பவர்புக் ஜி4 விட்டது. 1440×900, ஒரு இன்ச் கனம், 3,299 டாலர். அந்த அளவுத் திரையோடு வந்த முதல் லேப்டாப் அதுதான். மற்ற கம்பெனிகளும் பின்னாடியே வந்தன, அழகு மட்டும் வரவில்லை. 2004ல் டெல்லோட இன்ஸ்பிரான் எக்ஸ்பிஎஸ்ஸில் மேசைக்கணினிக்குப் போடுகிற பென்டியம் 4 எக்ஸ்ட்ரீம் எடிஷனையே தூக்கி வைத்தார்கள். அதை ஒரு இஸ்திரிப் பெட்டியாகவும் உபயோகிக்கலாம். 2005ல் இன்ஸ்பிரான் 9300 வந்தபோதுதான், குறைவாகச் சூடாகிற பென்டியம் எம் உள்ளே இருந்ததால், பெரிய திரை லேப்டாப் கொஞ்சம் மனுஷத்தனமா ஆச்சு.

நடுவில் கொஞ்சம் கிறுக்கும் உண்டு. 2006ல் எக்ஸ்பிஎஸ் எம்2010 என்று ஒண்ணு. 20.1 இன்ச் திரை, எட்டு கிலோவுக்கு மேல் எடை, சூட்கேஸ் மாதிரி கைப்பிடி, கழற்றி எடுக்கிற கீபோர்டு. அடுத்த வருஷம் ஹெச்பியும் அதே 20.1 இன்ச்சில் எச்டிஎக்ஸ் கொண்டு வந்தது, செல்லப் பேர் டிராகன். ரெண்டும் ஓடவில்லை. ஆனா அந்த ரெண்டு வருஷத்தில் இந்தத் தொழில் எவ்வளவு தைரியமா இருந்ததுன்னு காட்ட அதுவே போதும்.

இப்போ நம்ம ஹீரோ. 2007ல் வந்த இன்ஸ்பிரான் 1720. மேல்மூடிக்கு எட்டு நிறம். திரை 17 இன்ச், அதிலேயே 1440×900 அல்லது 1920×1200. இன்டெல்லோட உள்ளமை கிராபிக்ஸ் வேணுமா, என்விடியா 8400எம் ஜிஎஸ் வேணுமா, 8600எம் ஜிடி வேணுமா? பேட்டரி ஆறு செல்லா, ஒன்பது செல்லா? ஹார்ட் டிஸ்க் ஒண்ணா, ரெண்டா? (ஆமாங்க, லேப்டாப்புக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க்.) ப்ராசசர் சாக்கெட்டில் உட்காரும், மெமரிக்கு ரெண்டு ஸ்லாட். எல்லாம் ஸ்க்ரூ டிரைவர் போகிற இடம்.

அந்த வருஷம் நடந்த இன்னொரு விஷயமும் சுவாரசியம். ஜனவரி கடைசியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. பிப்ரவரியில் டெல் 'ஐடியா ஸ்டார்ம்' என்று வாடிக்கையாளர் யோசனை சொல்ல ஒரு தளம் திறந்தது. ஜனங்க வந்து எக்ஸ்பியைத் திருப்பிக் கொடுன்னாங்க, லினக்ஸ் கொடுன்னாங்க. ஏப்ரலில் எக்ஸ்பி திரும்ப வந்தது, மே மாசம் உபுண்டு போட்ட இன்ஸ்பிரான் வந்தது. வாங்குறவன் சத்தம் போட்டு நாலு மாசத்துக்குள் ஒரு பெரிய கம்பெனி ஆபரேட்டிங் சிஸ்டம் பட்டியலையே மாத்தியிருக்கு. அதே 2007ல்தான் ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலையும் திறந்தது.

என் சித்தப்பா அப்போ அமெரிக்காவில் ப்ராஜெக்டில் இருந்தார். 2008ல் திரும்பி வரும்போது ஒரு சிவப்பு 1720ஐத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அப்போ பத்து வயசு. அவர் எடுத்தது குறைந்த ரெசல்யூஷன் திரை, இன்டெல் கிராபிக்ஸ், மிச்சமான காசில் ரெண்டாவது டிஸ்க். "கேம் யாரு ஆடப் போறா" என்பது அவர் வாதம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்தது, அது வேறு கதை.

இன்னைக்கு எஞ்சினியராகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனுஷன் எடுத்தது சரியான முடிவு. 17 இன்ச்சில் 1440×900 என்றால் ஒரு இன்ச்சுக்கு சுமார் 100 புள்ளி. 1920×1200 என்றால் 133. கேட்க உசத்தியா இருக்கும். ஆனா அந்தக் காலத்து விண்டோஸில் எழுத்தைப் பெரிசாக்கினால் பாதி சாஃப்ட்வேரில் பட்டன் பெட்டிக்கு வெளியே போய் நிற்கும். அதனால் அதிக புள்ளின்னா சின்ன எழுத்துன்னு அர்த்தம். ஐம்பது வயசுக் கண்ணுக்கு விலை குறைஞ்ச திரைதான் நல்ல திரை. சித்தி அதில் கண்ணாடி இல்லாமலே பஞ்சாங்கம் பார்ப்பார்.

இன்னொண்ணு, கரெண்ட். 2008லிருந்து ஏறி 2012ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே அந்த வருஷம் பாதி நாள் கரெண்ட் இருக்காது. டெஸ்க்டாப் வைத்திருந்தவங்க யூபிஎஸ் வாங்கி, அந்த யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தி நொந்து போனாங்க. பெரிய லேப்டாப்புக்கு யூபிஎஸ் வயித்துக்குள்ளேயே இருக்கு. தூக்கிக்கொண்டு ஊர் சுத்த உதவாத பேட்டரி, உட்கார்ந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் வீட்டுக்கு அதுவே போதும். வெளிநாட்டு விமர்சனங்களில் இந்த ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டியில் பிறகு மெமரி 4 ஜிபி ஆச்சு. காலேஜ் ரெண்டாம் வருஷம் நானே ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். பத்து வயசுப் பெட்டி எழுந்து ஓடிச்சு. மொத்தச் செலவு புதுசு வாங்குறதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, ஏன் போச்சு?

முதல் காரணம் டெய்லர் ரெடிமேட் கடைக்குப் போனது. 2007 ஜூனில் டெல் வால்மார்ட்டில் விற்க ஆரம்பித்தது. கடை அலமாரியில் எட்டு நிறம், மூணு கிராபிக்ஸ், ரெண்டு திரைன்னு அடுக்க முடியாது. 2008 மூன்றாம் காலாண்டில், ஐசப்ளை கணக்குப்படி, உலகத்தில் லேப்டாப் விற்பனை முதல் முறையா டெஸ்க்டாப்பை முந்தியது. கூட்டம் வந்ததும் அளவெடுக்க நேரம் இல்லை, ஸ்மால், மீடியம், லார்ஜ்தான்.

இரண்டாவது, திரை. அதே சமயத்தில் பேனல் கம்பெனிகள் 16:10ஐ விட்டு டிவியோட 16:9க்கு மாறின. 1200 வரி இருந்த இடத்தில் 1080. மலிவு மாடல்களில் 15.6 இன்ச், 1366×768. படம் பார்க்க சரி, ஒரு பக்கம் முழுசாப் படிக்கணும்னா ஸ்க்ரோல் பண்ணியே விரல் தேயும்.

மூன்றாவது, ஒல்லி மோகம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினார். 2011ல் இன்டெல் அல்ட்ராபுக் என்று முழங்கியது. 2012 ஜூனில் ஆப்பிள் ரெட்டினா மேக்புக் ப்ரோவை விட்டது. மெமரி போர்டோடு பற்ற வைத்தது, பேட்டரி பசையில் ஒட்டியது. அதே மாசம் 17 இன்ச் மேக்புக் ப்ரோவை நிறுத்தியும் விட்டது. பெரிய திரையை ஆரம்பித்து வைத்தவனே மூடியும் வைத்தான்.

நம்ம பக்கம் 2011ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினி வந்தது. ப்ளஸ் டூவில் எனக்கும் கிடைத்தது. 14 இன்ச், எல்லாருக்கும் ஒரே மாதிரி, யூனிஃபார்ம் போல. எத்தனையோ வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டர், குறை சொல்ல வாய் வராது. நான் கோட் எழுதப் பழகினதே அதில்தான். ஆனா கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கணும்னு வாங்குறவர் முடிவு பண்ணலாம் என்கிற எண்ணமே இல்லாமல் என் செட்டு முழுக்க வளர்ந்தது.

மெமரியைப் பற்ற வைப்பது முழுக்க அயோக்கியத்தனம் என்று திட்ட மனசு வரல, அதில் நியாயமும் இருக்கு. ப்ராசசருக்கும் மெமரிக்கும் நடுவில் தூரமும் இணைப்பானும் கூடக் கூட, அதிவேக சிக்னல் கெட்டுப் போகும். 2025ல் ஃபிரேம்வொர்க் கம்பெனி ஒரு டெஸ்க்டாப்பை அறிவித்தபோது அதிலேயே மெமரியைப் பற்ற வைத்தார்கள். கழற்றி மாட்டுறதையே கொள்கையா வைத்திருக்கிற கம்பெனி அது! வேற வழி இல்லைன்னு வெளிப்படையா சொன்னாங்க. இந்தச் சிக்கலுக்கு மாற்றாக வந்த எல்பிகேம்2 என்கிற கழற்றக்கூடிய மெமரி 2024ல் லெனோவோ திங்க்பேட் பி1ல் வந்தாச்சு. அப்போ தீர்வே இல்லைன்னும் இல்லை.

ஆனா எல்லா இடத்திலும் வேகம்தான் காரணம்னா நான் நம்ப மாட்டேன். 2020ல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 17ல் மெமரிக்கு ரெண்டு ஸ்லாட் இருந்தது, 16:10 திரையும் திரும்பியிருந்தது. 2024ல் அதன் இடத்துக்கு வந்த எக்ஸ்பிஎஸ் 16ல் ஸ்லாட் போச்சு. எது வாங்கினாலும் முதல் நாளே கடைசி நாளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும். மாசச் சம்பளக் குடும்பத்துக்கு வலிக்கிற இடம் இதுதான். சித்தப்பா மாதிரி இப்போ பாதி, மூணு வருஷம் கழிச்சு மீதின்னு வாங்க வழி இல்லை.

எதிர்ப்பக்கமும் ஆள் இருக்கு. 2019ல் எல்ஜி கிராம் 17 வெறும் 1.34 கிலோவில் வந்தது. 17 இன்ச்னா மூன்றரை கிலோ என்கிற விதி உடைஞ்சது. ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16ல் கிராபிக்ஸையே பின்னாடியிருந்து உருவி மாத்தலாம், கீபோர்டை இடமோ வலமோ நகர்த்தலாம். ஐரோப்பிய யூனியன் 2023ல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாத்துகிற மாதிரி இருக்கணும்.

எங்க வீட்டில் முடிவானது: 17.3 இன்ச், ரெண்டு மெமரி ஸ்லாட், ரெண்டு எஸ்எஸ்டி இடம், கனம் பற்றிக் கவலை இல்லை. இந்த விவரம் விளம்பரத்தில் இருக்காது. கம்பெனி தளத்தில் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் படித்தால்தான் தெரியும். கடைக்காரரிடம் கேட்காதீங்க, அவர் பாவம்.

பி.கு: சித்தப்பா மாதிரி யாராவது வீட்டில் 1720 தூங்கிட்டு இருந்தா, அதில் இருக்கிற கோர் 2 டியோ 64 பிட் ப்ராசசர்தான். 4 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, எக்ஸ்எஃப்சிஈ மாதிரி இலகுவான லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்தால் பாட்டு கேட்க, டைப் பண்ண, பழைய படம் பார்க்கத் தாராளமா ஓடும். யூட்யூப் எச்டி மட்டும் எதிர்பார்க்காதீங்க.