கேட்போர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த ஆற்றுப்படைகள் நான்கும் கலைஞனொருவன் மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டுவனவாக அமைந்தவை. பரிசில் பெற்று மீள்வோன், வறுமையுற்று எதிர்வரும் தன்போல்வானைக் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, வள்ளல்பாற் செல்லுமாறு அவனைச் செலுத்துகின்றான். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என இதற்குரியாரைத் தொல்காப்பியர் புறத்திணையியலிற் சுட்டுவர். இவ்விலக்கியவகை பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயினும், ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது: இந்நூல்கள் யாவும் பாடுவோனைக் கேட்போனிடம் செலுத்துகின்றன. கேட்போனைப் பாட்டினிடம் செலுத்தும் ஆற்றுப்படை ஒன்று நூல்வடிவிற் காணப்படவில்லை.

வாழ்க்கையிலோ அஃது என்றும் உண்டு. 'எனக்கு இன்னவகைப் பாட்டு உவப்பு. இதனை ஒத்தது வேறு நீ கேட்டதுண்டோ?' என்று நண்பனை வினவாத இசைச்சுவைஞர் இலர். எம் முதுகலை மாணாக்கர் வகுப்பு முடிந்து செல்லுங்கால் கைபேசியை நீட்டி ஒருவரையொருவர் வினவுவதும் இதுவே. எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. கடந்த இரு நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டு இசைப்பாடல்கள் பரவியமைக்கும், சில அழியாது எஞ்சியமைக்கும், புலவர்தம் நற்சான்றினும் இவ்வினாவே பெரிதும் துணைநின்றது என்பது எம் கருத்து. அதற்குரிய சான்றுகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், ஏடு இசையைச் சுமவாது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பரிபாடலே இதற்குத் தக்க சான்று. அந்நூற் பாடல்கள் பலவற்றின் இறுதியில், பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார் முதலியோர் இசை வகுத்தோராகவும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன பண்களாகவும் அக்குறிப்புக்களால் அறியப்படுகின்றன. உ. வே. சாமிநாதையர் 1918இல் இந்நூலை அச்சேற்றியபோது சொல் கிடைத்தது. வகுத்தோர் பெயரும் கிடைத்தது. வகுத்த இசை கிடைத்திலது. பாடிக் காட்டுவார் வழிமுறை அற்றபின் ஏடு செய்யத்தக்கது அவ்வளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருகிய கீர்த்தனைநூல்களின் நிலையும் இதனின் வேறன்று. பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெறும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்பன வரும். நூலை விலைகொடுத்து வாங்கியவன் அதனைக் கையில் வைத்துக்கொண்டு என் செய்வான்? அவ்விராகத்தை ஓரளவு அறிந்தவனாயினும் அப்பாட்டின் மெட்டு அவனுக்குப் புலப்படாது. அம்மெட்டைக் கேட்டறிந்த ஒருவனை அவன் தேடிச் செல்லுதல் வேண்டும். ஆகவே, அச்சுநூல் நண்பனை நாடும் வினாவை ஒழிக்கவில்லை. பாட்டின் பெயரைக் கூறி வினவும் வாய்ப்பினை அளித்து அதனைக் கூர்மையாக்கியது. இலக்கிய வரலாறு எழுதுவோர் பதிப்பாண்டுகளை மட்டும் வரிசைப்படுத்திக் கீர்த்தனை இலக்கியம் பரவிய வகையைக் காட்டிவிட்டதாகக் கருதுதல் குறைபாடுடையது என்போம்.

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இவ்விடத்து நோக்கத்தக்கது. அதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெற பாரதியார் விரும்பிய வரலாற்றை உ. வே. சா. எழுதியுள்ளார். பிள்ளையவர்கள் பன்முறை காலந்தாழ்த்தினார். செய்யுளில் இலக்கண வழுக்கள் இருந்தன. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் கதையும் புகுத்தப்பட்டிருந்தது. பாரதியாரோ சலியாது வந்து காத்திருந்து, ஒருநாள் திண்ணையில் அமர்ந்து தம் பாடல்களைப் பாடலானார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகினார், பாயிரமும் தந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பத்தியின் வெற்றி எனவும் இசையின் வெற்றி எனவும் பலர் பாராட்டுவர். எம் நோக்கம் வேறு. சிறப்புப்பாயிரம் என்பது ஒருவகைப் பரிந்துரை. அதனைச் செய்தற்குரியார் இன்னார் என வரையறுக்கும் நன்னூலார், ஆசிரியனையும் மாணாக்கனையும் உரைகாரனையும் கூறுவதோடமையாது, உடன்கற்றோனையும் சேர்த்தார். நண்பனின் சொல்லுக்கு இலக்கணமே இடந்தந்தது என்பது மகிழ்தற்குரியது. ஆயினும், பாயிரம் பொதுவாக உலகை நோக்கிக் கூறப்படுவது. கேட்பான் ஒருவனுடைய சுவையை அறிந்து கூறப்படுவதன்று. மேலும், பிள்ளையவர்களை மாற்றியது யாது? எத்துணைச் சான்றோர் எழுதிய பாயிரமும் அவரிடம் அதனைச் செய்திராது. ஏட்டில் வழுவாகத் தோன்றியது செவியில் இனிமையாயிற்று. ஒருவர் பாடக் கேட்டலே அவருக்கும் வழியாயிற்று.

அப்பாயிரத்தினாலேதான் நந்தனார் சரித்திரம் நாடெங்கும் பரவியது எனல் பொருந்தாது. பாரதியார் கதை நிகழ்த்திய அவைகளிற் கேட்டவர் பிறர்க்குக் கூற, அவர் மற்றவர்க்குக் கூறப் பரவியது அது. காரைக்காலில் அலுவல் புரிந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அதனை அச்சிடுவித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. தமிழ்ப் புலமைக்குப் புறத்தேயிருந்த அவரை அப்பாட்டினிடம் கொண்டு சேர்த்தவை செவியும் சுற்றியிருந்தோர் சொல்லுமே என்று கொள்வதில் தவறில்லை.

வழிகாட்டுவார் இருவர் தம்முள் மாறுபடின் யாது நிகழும்? இதற்கு உ. வே. சா. அவர்களின் இளமையே விடை கூறுகின்றது. அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். 1871இல் மகனை மாயூரத்திற் பிள்ளையவர்களிடம் சேர்த்தபோதும், குடும்பச் செல்வமாகிய இசை மகனிடம் நின்றுவிடலாகாது எனத் தந்தையார் விரும்பினார். அருகே ஆனந்ததாண்டவபுரத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த பாரதியாரிடம் இசை பயிலும் ஏற்பாடு அவ்வாறே அமைந்தது. சில காலம் அது நடைபெற்றது. பின்னர், பிள்ளையவர்கள் செய்தியறிந்து, இசையில் உழைப்பு மிகின் இலக்கியத்திற் கருத்துக் குறையும் என்று கூற, மாணாக்கர் இசைப்பயிற்சியை விட்டொழித்தார். தமிழுலகிற்கு அதனால் விளைந்த பயன் யாவரும் அறிவர். ஆயினும், பாரதியாரிடம் மேலும் சில ஆண்டுகள் அவர் பயின்றிருப்பின், எத்துணைப் பாடல்களின் மெட்டுக்கள் உரிய வரலாற்றோடு நமக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணாதிருத்தல் இயலவில்லை. எவ்வாறாயினும், அக்குறுகிய தொடர்பு வீண்போகவில்லை. 1936இல் கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாற்றையும் கனம் கிருஷ்ணையர் வரலாற்றையும் அவர் தனித்தனி நூல்களாக எழுதினார். ஒருவர் இசையாசிரியர், மற்றவர் தந்தைக்கு ஆசிரியர். சுவை வழிவழியாக நடந்துசென்ற தடத்தினை அந்நூல்களிற் காணலாம்.

இனி, தன் சுவை இன்னதென நண்பனுக்கு உணர்த்துவது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. 'இனிமையான பாட்டு வேண்டும்' என்பது போதாது. யார்க்கு எது இனிமை? பழைய சுவைஞர்க்கு இதற்கொரு பொதுமொழி இருந்தது. அதுவே இராகத்தின் பெயர். சங்ககாலத்தும் பிற்காலத்தும் பண்ணின் பெயர் இத்தொழிலைச் செய்தது. 'தோடியில் வேறுண்டோ?' என ஒருவன் கேட்பின், அவன் விழையும் சுவையின் எல்லை பெரும்பாலும் புலப்பட்டுவிடும். அவ்வெல்லைக்குள் அவன் அறியாத ஒன்றை நண்பன் எடுத்து நீட்டலாம். பழகியது பாதி, புதியது பாதியாக அமையும் இந்நிலையே புதுப்பாட்டு உள்ளத்திற் புகுதற்கு ஏற்ற வாயில்.

தியாகராசரும் பாரதியாரும் திருவையாற்றிற் சந்தித்ததாக வழங்கும் செய்தி இதனை விளக்கும். தியாகராசரின் மாணாக்கர் ஆபோகி இராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தனர். வந்தவர் பாரதியார் என்றறிந்த தியாகராசர், அவ்விராகத்தில் நீர் ஏதேனும் இயற்றியதுண்டோ என வினவினார். அன்று விடைகூறாதிருந்த பாரதியார், 'சபாபதிக்கு வேறு தெய்வம்' என்று தொடங்கும் பாடலை இயற்றி மறுநாள் பாடினார் என்பர். இச்செய்தி செவிவழக்காக வந்து பின்னர் எழுத்தேறியது. ஆதலின் இதன் சிறு விவரங்களை வற்புறுத்த வேண்டுவதில்லை. ஆனால், இசையுலகம் இக்கதையை விரும்பிப் போற்றி வந்தமையே ஒரு சான்று. முதியவராகிய ஆசிரியர் இளையவரிடம் 'இவ்விராகத்தில் உம்மிடம் யாதுளது?' என வினவுகின்றார். இருவரும் பாடிய மொழி வேறு. வழிபட்ட தெய்வம் வேறு. சுவையின் பொதுமொழி ஒன்று. வினாவுக்கு விடையாக ஏற்கெனவே இருந்த பாட்டு கிடைக்கவில்லை; புதிய பாட்டே பிறந்தது. தமிழிசைக்கு இவ்வினா தந்த கொடை அது.

வினவுவார் இல்லாத இடத்துப் பாட்டு மறையும் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1847இல் மறைந்த தியாகராசர் இயற்றியவற்றுள் இன்று கிடைப்பன ஏறத்தாழ எழுநூறு என்பர். அவை வாலாசாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைத்தானம் என்னும் மூவேறு மாணாக்கர் மரபுகளின் வழியே வந்தவை. ஒரே பாட்டு மரபுதோறும் வேறுபட்டு ஒலித்தலும் உண்டு. இதனைப் பாடாந்தரம் என இசைவாணர் கூறுவர். சுவடியாராய்ச்சியிற் பாடவேறுபாடு எத்தகையதோ அத்தகையது இது. எவன் எவ்வூர் நண்பனை வினவினான் என்பதைப் பொறுத்தே அவனறிந்த பாட்டின் வடிவம் அமைந்தது.

அவ்வாறு வினவித் தொகுத்தவருள் சின்னசாமி முதலியார் தலைசிறந்தவர். சென்னை அரசுச் செயலகத்திற் பணியாற்றிய அவர் கிறித்தவர். தியாகராசர் கீர்த்தனைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். வாலாசாப்பேட்டைக் கிருஷ்ணசாமி பாகவதரைப் பாடச்செய்து கேட்டு, ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் எழுதி, 1890களின் தொடக்கத்திற் பகுதி பகுதியாக வெளியிடலானார். முத்துசாமி தீட்சிதர் மரபினராகிய சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். அவரிடமிருந்த பெருஞ்செல்வத்தை வெளிப்படுத்துமாறு முதலியார் வேண்டினார். தம் பொருளும் கண்ணொளியும் குன்றிய காலத்தும் அவர் அம்முயற்சியைக் கைவிடாது எட்டயபுர அரசரை அணுகினார். அதன் விளைவே 1904இல் எட்டயபுரத்திற் தெலுங்கெழுத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. பின்னாளிற் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழெழுத்தில் வெளியிட்டது. தீட்சிதரின் புலமையை எல்லாரும் போற்றுவர், போற்றுதல் தகும். அவரிடம் சென்று, 'உம்மிடம் உள்ளதைத் தாரும்' எனக் கேட்ட சுவைஞரை ஒருசிலரே நினைக்கின்றனர்.

தமிழிசை இயக்கம் எழுந்த 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப்பாடல்களைச் சுரக்குறிப்போடு அச்சிட்டமை, பாடிக்காட்டும் நண்பன் வாயாதவர்க்குப் பெருந்துணையாயிற்று. சுரக்குறிப்பு எலும்புக்கூடு போன்றது. கமகமாகிய தசையும் குருதியும் செவிவழியே வரல் வேண்டும். இசைத்தட்டும் வானொலியும் அக்குறையை நீக்கின. வானொலியால் வினாவின் இயல்பும் மாறியது. 1952இல் கேசுகர் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிய காலத்தில், மக்கள் இலங்கை வானொலியை நாடினர். அந்நிலையத்துத் தமிழ் ஒலிபரப்பின் நேயர் விருப்பம் வீடுதோறும் அறிந்த நிகழ்ச்சி. ஆயின், அதில் நேயர் கேட்டது முன்னரே தாம் அறிந்த பாட்டை. இன்றைய கணிப்பொறி ஏற்பாடுகள் நாம் கேட்டவற்றைக் கணக்கிட்டு, அவற்றை ஒத்தவற்றை வரிசையாக முன்வைக்கின்றன. அறிந்ததை மீண்டும் வேண்டுதல் ஒன்று; அறியாததற்கு வழிவினவுதல் மற்றொன்று. நண்பனை வினவுதலில், 'இதனை நீ ஏன் உவந்தாய்?' என்னும் மறுவினாவும் அவன் வாயிற் பிறக்கும். அதற்கு விடைகாண முயலும்போதுதான் ஒருவன் தன் சுவையைத் தானே அறிகின்றான். இசைபற்றிய திறனாய்வு நம்மிடையே பெரும்பாலும் இத்தகைய உரையாடலாகவே வாழ்ந்தது, எழுதப்பெறாமையின் மறைந்தது.

மறைந்ததன் எச்சம் முற்றும் அழிந்துபோகவில்லை. பழைய குடும்பங்கள் பலவற்றிற் கையெழுத்துப் பாட்டுப்புத்தகங்கள் உள்ளன. ஆய்வு மாணாக்கர் அவற்றைக் காணுங்கால் அச்சில் வாராத பாடலை மட்டும் தேடியெடுத்து ஏனையவற்றை ஒதுக்கிவிடும் வழக்கம் உளது. அச்சில் வந்த பாட்டாயினும், அது யாரிடம் கேட்டு எழுதப்பெற்றது, எவ்வூரில், எந்நாளில் என்னும் குறிப்பு ஓரத்தில் இருப்பின் அதனையும் எழுத்துவிடாது படியெடுத்தல் வேண்டும். பரிபாடலைப் படியெடுத்தோர், தாம் கேட்டறியாத இசையை வகுத்தவர் பெயரையும் விடாது எழுதிவைத்தனர்.