பாட்டுப் புத்தகமும் ஜேம்ஸ் பிளிஷும்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் ஓமலூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் ஓடிய காலத்தில், வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் முதலில் ஒரு கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ஆபத்தில் சிக்கியதும் அது நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று ஒரு வரி. எழுதியவர் பெயர் பெரும்பாலும் இராது. படத்தை அண்டிப் பிழைக்கும் கதையெழுத்தில் நமக்கு முதலில் பரிச்சயமானது இதுதான்.

இதே தொழிலுக்கு அமெரிக்காவில் ஒரு விமர்சகர் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் பிளிஷ், ‘எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ நாவலுக்காக 1959-ல் ஹ்யூகோ பரிசு பெற்றவர். விஞ்ஞானக் கதைகளின் மொழியையும் உத்தியையும் தயவு தாட்சண்யமின்றி அலசி இவர் எழுதிய விமர்சனங்கள் 1964-ல் நூலாயின. அதற்கு வைத்துக்கொண்ட பெயர் வில்லியம் ஏதலிங் ஜூனியர். சீனியர் யார் என்றால் எஸ்ரா பவுண்டு; சங்கீத விமர்சனத்துக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. (கேபெல் என்ற நாவலாசிரியருக்காக நடந்த ஒரு சிறு பத்திரிகைக்கும் பிளிஷ் சில காலம் ஆசிரியர். அதன் பெயர் ‘கல்கி’. நம்மவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கியது. 1967 ஜனவரியிலேயே பாண்டம் வெளியீடாக பிளிஷின் 7 கதைகள் வந்துவிட்டன. அவர் கையில் இருந்தது ஒளிபரப்பான படம் அல்ல, ஸ்கிரிப்ட். அதுவும் பல சமயம் படப்பிடிப்பில் மாறுவதற்கு முந்தைய பிரதி. ஆகவே திரையில் இல்லாத வசனம் கதையில் இருக்கும். முடிவுகூடச் சற்று வேறாக இருக்கும். நடிகரின் முகம், செட்டின் அட்டைப் பாறை எதுவும் உள்ளே வராது. ஒரு மணி நேரத்து நாடகம் சில பக்கங்களில் சுண்டிவிடும்.

இதை வெறும் வயிற்றுப்பாட்டு எழுத்து என்று ஒதுக்கலாம். ஏதலிங் கையில் கிடைத்திருந்தால் இவற்றில் பலவும் தப்பியிருக்காது என்பது என் எண்ணம். ஆனாலும் இவை சுருக்கங்கள் அல்ல. பாட்டுப் புத்தகம் முடிவை மறைத்து ஆளைக் கொட்டகைக்குள் அனுப்பும். பிளிஷ் முடிவையும் சொல்லிவிடுகிறார். கதை தானே நிற்கவேண்டிய கட்டாயம் அங்கே வந்துவிடுகிறது. வீடியோ இல்லாத நாளில், போன வாரம் பார்த்ததை நினைத்த நேரத்தில் மீண்டும் பெற புத்தகத்தை விட்டால் வேறு வழியும் இல்லை.

79 பகுதிகளோடு 1969-ல் தொடர் நின்றுபோயிற்று. கதைகள் நிற்கவில்லை. 1975-ல் பிளிஷ் இறந்த பிறகு, பன்னிரண்டாம் தொகுதி 1977-ல் அவர் மனைவி ஜே. ஏ. லாரன்ஸின் பெயரும் சேர்ந்து வெளிவந்தது.

தமிழில் திசை நேர்மாறு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகுதான் தூர்தர்ஷனுக்குப் போயிற்று. ஜீனோ என்ற நாய் அச்சில் ஏற்கெனவே பேசிவிட்டது. எண்பதுகளில் ‘ஸ்டார் டிரெக்’ தூர்தர்ஷனில் வந்தபோது, பழைய புத்தகக் கடையில் பிளிஷை வாங்கி முன்பே படித்திருந்தவனுக்கும் இதே நிலைதான்: அவனுக்கு மூலம் அந்தப் பழுப்புக் காகிதம், திரையில் ஓடியது தழுவல்.