உள்ளடக்கிய நடனக் கல்வி (தில்லி)

உள்ளடக்கிய நடனக் கல்வி என்பது மாற்றுத்திறனாளிகளும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்ற நரம்பியல் வேறுபாடு உடையவர்களும் பிறரோடு சேர்ந்து நடனம் பயிலும் முறை. தில்லியில் இதன் முன்னோடி பரதநாட்டியக் கலைஞர் சையது சலாவுதீன் பாஷா. அவரது ‘எபிலிட்டி அன்லிமிடெட்’ குழு, சக்கர நாற்காலியில் இராமாயணம், பகவத்கீதை, சூஃபி நடனம் ஆகியவற்றை அரங்கேற்றியுள்ளது.

பயிற்று முறை: கால்களால் அடவு செய்ய இயலாதவர் சக்கரத்தின் சுழற்சியிலும் வேகத்திலும் தாளத்தைக் காட்டுகிறார். முத்திரைகளும் அபிநயமும் முழுமையாகவே கற்பிக்கப்படுகின்றன. காது கேளாதோர் ஆசிரியரின் கைச்சைகை, சக கலைஞரின் அசைவு, தரையின் அதிர்வு ஆகியவற்றால் காலப்பிரமாணத்தைப் பிடிக்கின்றனர். பார்வையற்றோருக்குச் சொல் விளக்கமும் தொட்டறிதலும் துணை. ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு மாறாத வகுப்பு வரிசை, படக் குறிப்பு, குறைந்த ஒலி, நடுவே ஓய்வெடுக்க அமைதியான இடம் ஆகியவை உதவுகின்றன.

சட்டம்: ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை (2006) இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 30-ஆவது உறுப்பு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பை உரிமையாக்குகிறது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, கலைப் பாடத்திட்டங்களை மாற்றுத்திறனாளிகளுக்கேற்ப மாற்றியமைக்கச் சொல்கிறது.

முக்கியத்துவம்: நடனத்தைச் சிகிச்சையாக மட்டும் பார்ப்பது போதாது. மாணவரைக் கலைஞராக மதித்து, அரங்கம், ஊதியம், ஆசிரியராகும் வாய்ப்பு ஆகியவற்றைத் தருவதே இக்கல்வியின் நிறைவு. சாய்தளம் இல்லாத மேடை, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையை மறுக்கிறது.