ஒரே ஒரு கப்பி மீன் போதும்

முதன்முதலாக மீன்தொட்டி வைப்பவர்கள் பலரும் வாங்குவது கப்பி மீன்தான்.

இது முட்டையிடாது. சுமார் நாலு வாரத்தில் நீந்தும் குஞ்சாகவே ஈன்றுவிடும்.

ஒருமுறை இணைந்தால் ஆணின் விந்தணுக்களைப் பெண் மீன் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்.
அதனால் ஆணே இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்து குஞ்சு போடும்.

பெயர் எப்படி வந்தது?
டிரினிடாட் தீவிலிருந்து லெக்மியர் கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பிய மீன் இது. புது இனம் என்று நினைத்து 1866-இல் அவர் பெயரையே வைத்தார்கள்.
ஆனால் வெனிசுலாவில் கிடைத்த இதே மீனுக்கு 1859-லேயே ஜெர்மானியர் பீட்டர்ஸ் பெயர் வைத்துவிட்டார்!
அறிவியல் பெயர் மாறியது, கூப்பிடும் பெயர் நின்றுவிட்டது.

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார்.
அதன்பின் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களுக்கு மவுசு கூடியது. கப்பியைப் பல நாடுகளில் நீர்நிலைகளில் விட்டார்கள். அதன் உறவான கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியா வந்தது.

வேகமாகப் பெருகும் என்பதுதான் இவற்றின் பலம். சிக்கலும் அதுவேதான்.
கம்பூசியா கொசுப்புழுவோடு நிற்கவில்லை. உள்ளூர் மீன்குஞ்சு, தலைப்பிரட்டை என்று எல்லாவற்றையும் தின்றது.

எனவே தொட்டி நிறைஞ்சிடுச்சுன்னு குளத்துல, ஆத்துல கொண்டுபோய் விடாதீங்க.
சினையான ஒரு மீன் போதும், ஒரு கூட்டமே உருவாகிடும்.
வேண்டியவங்களுக்குக் கொடுங்க, இல்லைன்னா கடையிலேயே திருப்பிக் கொடுங்க.